கீழ்ப்பிடி

ரசமட்டம் என்று, சாய்வு பார்க்கத் தாங்கள் வைத்திருக்கும் கருவியின் பேரையே அவளுக்கு வைத்தது கொத்தனார்கள். கண்ணாடியைக் கையில் வாங்கிக்கொண்டு நாலு மாடி ஏறினாலும் அது ஒரு நூல் அளவுகூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாயாது. அதைப் பார்த்த எவனோ ஒருவன் சாரத்தின் மேலிருந்து, "யாருப்பா அந்த ரசமட்டம்?" என்று கத்தியிருக்கிறான். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர். பெற்றவர்கள் வைத்த பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புவாள்.

கண்ணாடி தூக்குவது பலத்தில் இருக்கிறது என்று நினைப்பவர்கள் ஒரு நாள் தூக்கிப் பார்க்க வேண்டும். நாலடிக்கு ஆறடி, ஆறு எம்.எம். தடிமன் என்றால் முப்பத்துமூன்று கிலோ. அதே எடையில் மூட்டை என்றால் முதுகில் சாத்திக்கொண்டு ஆடி அசைந்து போய்விடலாம். கண்ணாடிக்கு ஆட்டம் ஆகாது. நடுவில் ஒரு அலை எழும்பினால் போதும், அப்புறம் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வர வேண்டியதுதான். அதனால் இரண்டு பேராகத் தூக்குவார்கள். படியில் முன்னால் ஏறுகிறவர் மேல்பிடி. அவருக்கு வேலை வழி பார்ப்பது, சுவரில் இடிக்காமல் திருப்புவது. பின்னால் ஏறுகிறவர் கீழ்ப்பிடி. பாரம் முழுக்கச் சரிந்து வந்து நிற்பது அவர் மேல்தான்.

கல்யாணமான முதல் வருஷம் அவள் வீட்டுக்காரர்தான் கீழ்ப்பிடி. மனுஷர் நடக்கும்போது தோளை ஆட்டி நடப்பார், பிறவியிலேயே வந்த நடை. ஒரே மாதத்தில் இரண்டு கண்ணாடிப் பலகை உடைந்துபோயிற்று. மூன்றாவது தடவை அவளே போய்க் கீழே நின்றுகொண்டாள். அதோடு இருபத்தாறு வருஷம். தூக்கக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான். "இடுப்புக்குக் கீழ நட, இடுப்புக்கு மேல கல்லா இரு." வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு வாரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்குப் போன வருஷம் மழைக்காலத்தில் நெஞ்சு மெதுவாகிவிட்டது. வலி கிலி எதுவும் கிடையாது. குனிந்து நிமிர்ந்தால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, கடைக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் நாலு படியில் மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் பார்த்தால் துடிப்பு நிமிஷத்துக்கு முப்பத்தெட்டு. இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே தீப்பெட்டி அளவில் ஒரு பேஸ்மேக்கரை வைத்துத் தைத்தார்கள். நெஞ்சு சோம்பினால் அது தட்டி எழுப்பும், வேலை செய்யும்போது தானே வேகத்தைக் கூட்டிக் கொடுக்கும், உட்கார்ந்தால் குறைத்துக்கொள்ளும், ரொம்பப் புத்திசாலிக் கருவி என்றார் டாக்டர். ஆறு வாரம் இடது கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்றார்கள். அவள் தூக்கவில்லை. ஏழாவது வாரம் சோதித்துப் பார்த்து, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, வழக்கமான வேலைகளைச் செய்யலாம் என்று ஒரு பேப்பரும் கொடுத்தார்கள். அவள் வீட்டுக்காரர் அந்தப் பேப்பரைக் கண்ணாடி வெட்டும் மேசைக்கு மேலே, சுவரில் ஒட்டிவைத்தார்.

அந்தப் பேப்பர்தான் வினையாகப் போயிற்று.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், துணிக்கடைக்காரர் ஒருவரின் புது வீடு. முதல் மாடி வரைக்கும் பழைய ரசமட்டம்தான். இரண்டாவது மாடிக்குத் திரும்பும் இடத்தில் காலில் சிமெண்ட் ஊற்றினமாதிரி ஆயிற்று. மூச்சு மேலே வரவில்லை. "வைங்க" என்றாள். வைத்தார்கள். அவர் மேல்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன, காலு கீலு வழுக்குச்சா?"

"இல்ல. மூச்சு முட்டுது. இது ஓட மாட்டேங்குது."

"எது?"

"இதான், உள்ள வச்சிருக்கே."

"அதெல்லாம் சரியா இருக்குன்னு பேப்பர்லயே போட்டிருக்கே" என்றார். இரண்டு படி இறங்கி வந்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

நல்லெண்ணத்தில் கேட்டதுதான். திட்டியிருந்தால்கூட அவள் பொறுத்திருப்பாள். பயம் என்ற சொல்லைத்தான் அவளால் முழுங்க முடியவில்லை. ஐந்தாவது மாடியில் கைப்பிடிச் சுவர் கட்டாத படியில், காற்றடிக்கிற நாளில், இந்த ஆளின் உயிரையும் சேர்த்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறியவள் அவள். அடுத்த வாரம் மூன்று இடத்தில் அதே மாதிரி ஆயிற்று. மூன்று தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்கள், மூன்று தடவையும் கருவியில் குறையில்லை என்று பதில் வந்தது. மகன் இணையத்தில் எதையோ படித்துவிட்டு வந்து, இந்த மாதிரி வைத்துக்கொண்டவர்களுக்கு ஆறு மாசம் மனசு தைரியப்படாதாம், கொஞ்ச நாள் அம்மா கடையில் உட்காரட்டும், கீழ்ப்பிடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான். அவள் வீட்டுக்காரர் மறுப்புச் சொல்லவில்லை. அவர் பங்குக்கும் பயம் இருந்தது. கீழே இருப்பவள் மயங்கி விழுந்தால் முப்பத்துமூன்று கிலோ கண்ணாடி அவள் கழுத்துக்குத்தான் போகும். அதை அவர் யோசிக்காத நாளில்லை. வாய்விட்டுச் சொல்லத்தான் தெரியவில்லை.

அப்படியாக ரசமட்டம் கடையில் உட்கார்ந்தாள். போன் அடித்தால் எடுத்து அளவு எழுதிக்கொண்டாள். மேசையில் விரித்த கம்பளியில் ஒட்டியிருந்த கண்ணாடித் தூளைத் தட்டினாள். எதிர்க்கடை டயர்காரர் காலையில் ஒரு தரம் மாலையில் ஒரு தரம் வந்து, "ரெஸ்டா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாலு நாள் பொறுத்தாள். ஐந்தாவது நாள், மகன் கீழ்ப்பிடி பிடித்துப் போன எட்டடிப் பலகை ஒன்று பாதிப் படியில் விரிசல் விட்டுத் திரும்பி வந்தது. பையன் முகம் செத்துப்போயிருந்தது. அவனுக்கு அப்பாவின் தோள்.

விஷயத்தைக் கண்டுபிடித்தது வண்டியில். மறுநாள் சுமை வண்டியில் பின்னால் உட்கார்ந்து பலகையைப் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. அதுவாவது செய்கிறேன் என்று ஏறிக்கொண்டாள். ரோடு முழுக்கக் குழி. வண்டி குலுக்குகிற குலுக்கலில், சும்மா உட்கார்ந்திருந்தவளுக்கு நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. பத்துப் படியை ஓடி ஏறினமாதிரி அடிக்கிறது. இறங்கி நின்ற இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது. அன்றைக்குச் சாப்பிடும்போது அவள் அதைச் சொன்னாள். "சும்மா குந்தியிருக்கேன், ஓடுது. படியேறினா தூங்குது. என்ன கருமத்தை உள்ள வச்சுத் தைச்சிருக்காங்களோ."

மகன் சிரித்துவிட்டான். வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே, மனசு ஒரு இடத்தில் நிற்காவிட்டால் எல்லாம் அப்படித்தான் தோன்றும் என்றார். சிரிக்காமல் கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தது மருமகள் ஒருத்திதான். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இருபத்தெட்டுப் பிள்ளைகள் ஒரே மாதிரி தப்புப் போட்டால் பிள்ளைகளை அடிக்கக் கூடாது, கேள்வியைத் திரும்பப் படிக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

"அத்தை, நாடி பாக்கத் தெரியுமா?"

"ஆஸ்பத்திரியில சொல்லிக் குடுத்தாங்க. இந்த மணிக்கட்டுல."

"நாளைக்கு எனக்கு லீவு" என்றாள் மருமகள்.

மறுநாள் ஆண்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் மாமியாரும் மருமகளும் மொட்டை மாடிப் படியில் பரீட்சை நடத்தினார்கள். முதலில் ரசமட்டம் வெறும் கையை வீசிக்கொண்டு இரண்டு மாடி ஏறினாள். மேலே போனதும் மருமகள் மணிக்கட்டைப் பிடித்து, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். தொண்ணூற்றாறு. மூச்சும் சுகமாக இருந்தது. அடுத்தது, துணி ஊறவைக்கும் பெரிய அண்டாவில் விளிம்பு வரை தண்ணீர். அதைக் கண்ணாடியைப் பிடிப்பதுபோல நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள். மேலே வைத்தபோது கண்ணில் பூச்சி பறந்தது, சுவரைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் ஒரு சொட்டுக் கீழே சிந்தவில்லை. துடிப்பு அறுபத்துநாலு. மருமகள் நம்பாமல் மறுபடியும் எண்ணினாள். கடைசியாக, கீழே இறங்கி நாற்காலியில் உட்கார்ந்தபடியே தோள் இரண்டையும் குலுக்கச் சொன்னாள். ரசமட்டம் வெட்கத்தைப் பார்க்காமல் மூன்று நிமிஷம் குலுக்கினாள். நூற்றுநாலு. பக்கத்து வீட்டு ஜன்னலில் ஒரு தலை தெரிந்து மறைந்தது.

மருமகள் விடைத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் மூன்றையும் எழுதி, அடியில் ஒரு கோடு போட்டாள். "அத்தை, உங்களுக்குப் பயமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. உடம்பு ஆடினாத்தான் அதுக்குத் தெரியுது."

ரசமட்டம் அந்தத் தாளையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகை. மூன்று வாரமாக அவள் வாயால் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு குறுக்கு வழியும் கண்டுபிடித்தாள். தூக்குவதற்கு முன்னால் விரல் முட்டியால் தோள்பட்டைக்குக் கீழே டொக் டொக் என்று தட்டினால் கருவி விழித்துக்கொள்கிறது. வீட்டுக்காரரை நச்சரித்து ஒரு சின்னப் பலகைக்குக் கூடப் போய், படி ஏறுமுன் நின்று, கதவைத் தட்டுவதுபோலத் தட்டினாள். முதல் மாடி வரை நன்றாக ஓடிற்று. பிறகு தட்ட இரண்டு கையும் காலியில்லை, கருவி திரும்பவும் படுத்துக்கொண்டது. அவள் நெஞ்சைத் தட்டியதைப் பார்த்த வீட்டுக்காரர் வீட்டுக்கு வந்து மகனைத் தனியே கூப்பிட்டு, மனசு டாக்டர் யாராவது இருக்கிறாரா விசாரி என்றார். அது மருமகள் காதில் விழுந்தது. மருமகள் காதில் விழுந்தால் மாமியார் காதில் விழுந்ததற்குச் சமம்.

அந்த வாரமே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். முதலில் ஒரு நர்ஸ் கேள்வித்தாளோடு வந்தாள். வாழ்க்கை எப்படிப் போகிறது என்று தெரிந்துகொள்ளவாம். லேசான வீட்டு வேலை செய்ய முடிகிறதா, செடிக்குத் தண்ணீர் விட முடிகிறதா, நடனம் ஆட முடிகிறதா, அடிக்கடி சோர்வாகத் தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேட்டாள். நடனத்துக்கு ரசமட்டம், இருபத்தாறு வருஷமாக ஆடாமல் இருப்பதுதான் என் பிழைப்பு என்றாள். அதற்குக் கட்டம் இல்லை, அதனால் நர்ஸ் 'இல்லை' என்பதில் டிக் போட்டுக்கொண்டாள். அப்புறம் நீளமான தாழ்வாரத்தில் ஆறு நிமிஷம் நடக்கச் சொன்னார்கள். கையை வீசி நடந்தாள். துடிப்பு தொண்ணூற்றெட்டு வரைக்கும் அழகாக ஏறி இறங்கிற்று. டாக்டர் மருமகள் எழுதிய தாளை மரியாதையாக வாங்கிப் பார்த்தார், மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். வீட்டில் எண்ணுவது முன்னே பின்னே இருக்கும், வயதும் ஆகிறதில்லையா, பாரமான வேலைகளைக் குறைத்துக்கொண்டால் நல்லது என்றார்.

"பாத்தியா, அவங்களே சொல்லிட்டாங்க" என்றார் வீட்டுக்காரர், வண்டியில் ஏறும்போது. அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் அவளைச் சுட்டது.

"எதைச் சொன்னாங்க? வெறுங்கையோட நடக்கச் சொன்னாங்க, நடந்தேன். நான் என்ன வெறுங்கைய வீசியா சம்பாதிக்கிறேன்? வியாழக்கிழமை கண்ணாடியோட வரேன். நீங்க மேல்பிடி."

"ஆஸ்பத்திரிக்கா? உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, மனசு டாக்டரைத்தான் தேடிக்கிட்டிருக்கீங்களே. நீங்க வரலைன்னா பரவால்ல. டீச்சரம்மா மேல்பிடி புடிக்கும்."

மருமகளுக்குக் கண்ணாடியில் முகம் பார்க்கத்தான் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். இவள் பிடித்த பிடியை விடமாட்டாள் என்பதும் தெரியும். வேறு வழியில்லாமல் வியாழக்கிழமை காலை, காற்று எழும்புவதற்கு முன், நாலுக்கு ஆறு பலகை ஒன்றின் விளிம்புகளை அவரே தேய்த்து, கண்ணில் படுவதற்காக நடுவில் சுண்ணாம்பால் பெருக்கல் குறி போட்டு, வண்டியில் ஏற்றினார். அவளுக்கு உதவி செய்வதாக அவர் நினைக்கவில்லை. இரண்டாவது மாடியில் உட்கார்ந்துவிடுவாள், அதோடு பேச்சு முடியும் என்று நினைத்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் காவல்காரர் கையைக் குறுக்கே நீட்டினார். கண்ணாடியை உள்ளே விடமுடியாது என்றார். வேலைக்கு வந்த ஆட்களா, நோயாளியா என்று கேட்டார். "ரெண்டும்தான்" என்றாள் ரசமட்டம். அவர் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் கீழே இறங்கி வந்தது டாக்டர் இல்லை. பேஸ்மேக்கர்களைச் சோதிக்கும் இளம்பெண், தாழ்வாரத்தில் ஆறு நிமிஷமும் பக்கத்திலேயே நடந்து வந்தவள். கழுத்தில் அட்டை, கையில் பாதி குடித்த டீ. ரசமட்டம் சொன்னதை முழுக்கக் கேட்டாள், நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கிடவில்லை. விடைத்தாளின் பின்பக்கத்தை இரண்டு தரம் படித்தாள்.

"இத யாரு எழுதினாங்க?"

"என் மருமக. கணக்கு டீச்சர்."

"பின்னாடி தீ விபத்துக்குன்னு ஒரு படி இருக்கு. கட்டடத்துக்கு வெளியில" என்றாள் அந்தப் பெண், டீயைக் காவல்காரரின் மேசையில் வைத்துவிட்டு. "உள்ளதானே விடக் கூடாது?"

படி நல்ல அகலம். சிமெண்ட் படி, ஒரு பக்கம் கைப்பிடிச் சுவர், நாலு மாடி. கருவிப் பெண் ரசமட்டத்தின் நெஞ்சில் மூன்று பட்டைகளை ஒட்டி, அதில் வருகிற எண்ணைத் தன் கையிலிருந்த சின்னத் திரையில் பார்த்தாள். அறுபது காட்டிற்று. ரசமட்டம் கையுறையை இழுத்து மாட்டினாள். வீட்டுக்காரர் மேல்முனையைப் பிடித்தார், அவள் கீழ்முனையை. இரண்டு பேரும் ஒன்றும் சொல்லாமலே ஒரே நேரத்தில் தூக்கினார்கள். அதற்கெல்லாம் அவர்களுக்குப் பேச்சு வேண்டியதில்லை.

முதல் மாடி. கருவிப் பெண் பின்னாலேயே வந்தாள். ஆரம்பத்தில் எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தவள், கொஞ்ச நேரத்தில் ரசமட்டத்தின் முதுகைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். கால் ஏறுகிறது, முட்டி மடங்குகிறது, முதுகு மட்டும் யாரோ தூக்கி வைத்துக்கொண்டு போவதுபோல அப்படியே போகிறது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ரசமட்டத்துக்கு மூச்சு இரைத்தது. உதடு வெளுத்தது.

"வச்சிடுங்கம்மா" என்றாள் அந்தப் பெண் பதறி.

"எவ்வளவு காட்டுது?"

"முதல்ல வைங்க."

"எண்ணைச் சொல்லு. அவருக்குக் கேக்குற மாதிரி சத்தமா சொல்லு."

"அறுபத்திரெண்டு."

மேல்பிடியில் நின்றவர் திரும்பினார். தாழ்வாரத்தில் இவள் வெறுங்கையோடு நடந்தபோது தொண்ணூற்றெட்டைப் பார்த்தவர் அவர். இப்போது முப்பத்துமூன்று கிலோவோடு இரண்டு மாடி ஏறி, காது வரைக்கும் வியர்த்து, நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நிற்கிறாள். அறுபத்திரண்டு. சாய்வு நாற்காலியில் கிடப்பவர்களுக்கு இருக்கும் துடிப்பு.

"இன்னொரு தடவை சொல்லு" என்றாள் ரசமட்டம். இதைச் சொல்லவே அவளுக்கு மூச்சுப் போதவில்லை.

"அறுபத்திரெண்டும்மா. ஏறவே இல்ல."

"இப்ப வைங்க" என்றாள். வைத்தார்கள். பலகையைச் சுவரில் சாத்திவிட்டு அவள் படியில் உட்கார்ந்தாள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மூச்சைப் பிடித்துப் பிடித்து விட்டாள். வீட்டுக்காரர் கிட்டே வந்து நின்றார். கையுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

கருவிப் பெண் கீழே ஓடி, பெட்டி மாதிரி ஒரு கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். படியிலேயே உட்கார்ந்து அதைத் திறந்தாள். நடக்கும்போது எல்லாருக்கும் உடம்பு குலுங்கும், அந்தக் குலுக்கலை வைத்துத்தான் இந்தக் கருவி வேகத்தைக் கூட்டுகிறது என்று விளக்கினாள். "நீங்க குலுங்கவே இல்லம்மா. நீங்க நாற்காலியில உக்காந்திருக்கீங்கன்னு அது நெனச்சுக்குது. வண்டியில போனா ஓடுறீங்கன்னு நெனச்சுக்குது."

"குலுங்காம இருக்கத்தான் நான் இத்தனை வருஷமா பாடுபட்டேன்" என்றாள் ரசமட்டம். அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. "அதுக்கு இது தண்டனையா?"

"இதுல மூச்சைப் பாத்து வேகத்தைக் கூட்டுற வழி ஒண்ணும் இருக்கு. நீங்க மூச்சு வாங்கினா அது புரிஞ்சுக்கும். உங்களுக்கு அத அணைச்சு வச்சிருக்காங்க." அந்தப் பெண் திரையைக் கீழே தள்ளிக்கொண்டே போனாள், ஒரு இடத்தில் நிறுத்தினாள். "ஏன் அணைச்சாங்கன்னா, வீட்டோட இருக்குறவங்களுக்கு அது தேவைப்படாதுன்னு. உங்க கோப்புல தொழில்னு கேட்ட எடத்துல இல்லத்தரசின்னு எழுதியிருக்கு."

ரசமட்டம் தலையைத் தூக்கினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கு அவள் பாதி மயக்கத்தில் கிடந்தாள். படிவத்தை நிரப்பியது ஒரே ஒரு ஆள்தான். அந்த ஆள் இப்போது கைப்பிடிச் சுவருக்கு வெளியே எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களா எழுதினீங்க?"

"அவசரத்துல கேட்டாங்க" என்றார் அவர். "கடை என் பேர்ல இருக்கு. உன்னை என்னன்னு போடுறதுன்னு தெரியல. எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்கன்னு..."

அவள் கத்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "நான் பாரம் சுமந்த கட்டடத்தை இந்த ஊர்ல எங்க நின்னாலும் பாக்கலாம். உங்களுக்கு மட்டும் நான் என்ன செய்யறேன்னு தெரியல" என்றாள். "இதுல என் நெஞ்சு என்ன பாவம் செஞ்சுது? நீங்க எழுதினத நம்பி அது தூங்குது."

அவர் அவள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு இரக்கம் வராமல் இல்லை, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. கொஞ்சம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

சேதி போய் டாக்டரே படிக்கு வந்துவிட்டார். எண்களைப் பார்த்தார், மேலே சாத்தியிருந்த கண்ணாடியைப் பார்த்தார், முகம் மாறிற்று. மூச்சைப் பார்க்கும் வசதியைப் போடச் சொன்னார். பெரிய மனுஷர், மன்னிப்புக் கேட்பதற்குப் பழக்கமில்லை, அதனால் மறுபடியும் அறிவுரையில் இறங்கினார். கருவி சரியாகிவிடும், இருந்தாலும் இந்த வயதில் இத்தனை பாரம் அவசியந்தானா, யோசிக்க வேண்டும் என்றார்.

"டாக்டர், சாகாம இருக்க மட்டும் இத வைக்கல. வேலை செய்யத்தான் வச்சுக்கிட்டேன்" என்றாள் ரசமட்டம். "வயசான பிறகு நானே விட்டுடுவேன். நான் விடுறதும் நீங்க விடச் சொல்றதும் ஒண்ணு இல்ல."

டாக்டர் கருவிப் பெண்ணைப் பார்த்தார். கருவிப் பெண் கணினியைப் பார்த்தாள். புது வசதி அவள் மூச்சைப் பழகிக்கொள்ள அசையாமல் பத்து நிமிஷம் உட்கார வேண்டும் என்றார்கள். அசையாமல் இருப்பது அவளுக்கு ஒரு கஷ்டமா. உட்கார்ந்தாள். அந்தப் பத்து நிமிஷமும் அவள் வீட்டுக்காரர் இரண்டு படி கீழே உட்கார்ந்திருந்தார். காவல்காரர் யாரும் கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்து வைத்தார்.

பிறகு பலகையைக் கீழே இறக்கி, முதல் படியிலிருந்து ஆரம்பித்தார்கள். அவள்தான் அப்படி வேண்டுமென்றாள், பாதியிலிருந்து ஏறினால் கணக்கில் சேராது என்றாள். முதல் மாடியில் எழுபத்தைந்து. இரண்டாவது திருப்பத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தது, இந்தத் தடவை நெஞ்சும் கூடவே எழுந்து வந்தது. காலுக்கு ரத்தம் இறங்குவது அவளுக்கே தெரிந்தது. எண்பத்தெட்டு, தொண்ணூற்றைந்து என்று பின்னாலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. அவளுக்கு அந்தக் குரல் தேவைப்படவில்லை.

மூன்றாவது மாடித் திருப்பத்தில் வீட்டுக்காரர் நின்றார். காற்று எழும்பத் தொடங்கியிருந்தது, பலகையைச் சுவரோரம் அணைத்துக்கொண்டார். அவள் தலைக்கு மேலாக எட்டிக் கருவிப் பெண்ணைப் பார்த்துக் கேட்டார்.

"இப்ப எவ்வளவும்மா? இவளால முடியுமா?"

"நூத்திரெண்டு சார். ரொம்ப நல்லா..."

"அவளை ஏன் கேக்குறீங்க?" என்றாள் ரசமட்டம். "இத ஏந்திக்கிட்டு நிக்கிறது நான். என்னைக் கேளுங்க."

அவர் கண்ணாடியின் மேல்முனையைப் பிடித்தபடி அவளைப் பார்த்தார்.

"முடியுதா?"

"மூச்சு நல்லா இருக்கு, காலு நல்லா இருக்கு. விரல் மரத்துப்போச்சு. வைங்க."

உடனே குனிந்து வைத்தார். கருவிப் பெண் திரையைப் பார்த்துவிட்டு, எண் நன்றாகத்தான் இருக்கிறது, நிறுத்த வேண்டியதில்லை என்று ஏதோ சொல்ல வந்தாள். அவர் அவளைப் பார்க்காமலே கையைக் காட்டி நிறுத்தினார். ரசமட்டம் கையுறையைக் கழற்றினாள், பத்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டினாள், அவசரப்படவில்லை. மறுபடி கையுறையை மாட்டி, குனிந்து கீழ்முனையைப் பிடித்தாள்.

"ம், தூக்குங்க" என்றாள். தூக்கினார்.